மூன்று விழுக்காட்டின் பிறந்த ஊர்

புதுச்சேரி,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்பு மகளுக்கு,

போன வாரம் நீ தொலைபேசியில் பேசியபோது உன் குரல் சரியாக இல்லை. மாணவர்கள் கூடிய ஒரு கூட்டத்தில், நீ படிக்கும் பொருளியல் முழுவதுமே பணக்காரர்களுக்காக எழுதப்பட்ட வேதம் என்றும், அதை ஓதிக்கொண்டே தன்னை இடதுசாரி என்று சொல்லிக்கொள்வது ஏமாற்று என்றும் ஒருவர் உன் முகத்துக்கு நேரே சொன்னதாகவும், எண்களை மதிக்கத் தெரியாத இடதுசாரிகளை நம்பி யாரும் ஆட்சியைக் கொடுக்க மாட்டார்கள் என்று இன்னொருவர் அவரிடம் சீறியதாகவும், இருவருமே நீ மதிக்கும் தோழர்கள் என்பதால் யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் எழுந்து வந்துவிட்டதாகவும் சொன்னாய். படிப்பை மாற்றிக்கொள்ளலாமா என்றும் கேட்டாய். அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் நேரம் ஆகிவிட்டதால் அப்போது நான் பாதியில் வைத்துவிட்டேன். அதன் பிறகு இதே நினைவாக இருக்கிறது.

இருபத்தெட்டு ஆண்டுகள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பொருளியல் நடத்தியவள் நான். வருவாய்ப் பற்றாக்குறை, நிதிப் பற்றாக்குறை, முதன்மைப் பற்றாக்குறை என்று கரும்பலகையில் எழுதிப் போட்டு, நிதிப் பற்றாக்குறை, அதாவது அரசின் செலவு வரவை மீறிக் கடனாக நிற்கும் அளவு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்று விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் சொல்லிக்கொடுத்தேன். ஒருமுறை கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ஏன் டீச்சர் மூணு, நாலுன்னு வச்சா என்ன ஆகும்?" என்று கேட்டான். சட்டத்தில் அப்படி இருக்கிறது, எழுதிக்கொள் என்று உட்கார வைத்தேன். 2003ஆம் ஆண்டின் நிதிப் பொறுப்புச் சட்டத்தின்கீழ் வந்த விதிகளில் அந்த இலக்கு இருந்தது உண்மைதான். ஆனால் அவன் கேட்டது சட்டத்தை அல்ல, காரணத்தை. அது எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மூன்று பிறந்தது நீ இப்போது இருக்கும் பாரிசில் என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1981இல் சோஷலிஸ்டான மித்தரான் பிரான்சின் குடியரசுத் தலைவரானதும் அமைச்சர்கள் ஒவ்வொருவரும் தம் துறைக்குப் பணம் கேட்டு நின்றார்கள். அவர்களுக்கு அணை போட எளிதான ஒரு வரம்பு வேண்டும் என்று மேலிடத்திலிருந்து நிதியமைச்சகத்துக்குச் சொல்லி அனுப்பினார்கள். கி அபேய் என்ற இளம் அதிகாரியும் அவருடைய சக ஊழியர் ஒருவரும் உட்கார்ந்து அதை உருவாக்கினார்கள். பற்றாக்குறை அப்போது 10,000 கோடி பிராங்கை நெருங்கிக்கொண்டிருந்தது. அதை நாட்டின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டால் மூன்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தது. ஒன்று என்றால் எட்ட முடியாது, இரண்டு என்றால் மூச்சு முட்டும், மூன்று என்றால் காதுக்கும் பொருத்தமாக ஒலிக்கும். இவ்வளவுதான் அதன் பின்னணி என்றும், அதற்குப் பின்னால் எந்தப் பொருளியல் கோட்பாடும் இல்லை என்றும் பல ஆண்டுகள் கழித்து அபேய் தாமே பத்திரிகைகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த எண் 1992இல் மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் ஏறியது, அங்கே ஐரோப்பாவின் சட்டமானது, பிறகு கடல் தாண்டி நம்முடைய சட்டத்துக்குள்ளும் என் கரும்பலகைக்கும் வந்து சேர்ந்தது. அதைப் பெற்றெடுத்தது ஓர் இடதுசாரி அரசின் அலுவலகம் என்பதுதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது.

உன் முதல் தோழருக்கு இந்தக் கதை இனிக்கும். எண்கள் எல்லாம் புனைவு, வரம்பு என்று ஒன்றுமே கிடையாது, அரசு மனம் வைத்தால் போதும் என்று அவர் முடிவு கட்டிவிடுவார். ஆனால் கதை 1981இல் முடிந்துவிடவில்லை. அந்த அரசு குறைந்தபட்ச ஊதியத்தை உயர்த்தியது, ஓய்வு வயதை 60ஆகக் குறைத்தது, ஊதியத்தோடு கூடிய விடுப்பை ஐந்து வாரமாக்கியது, பல வங்கிகளையும் ஐந்து பெரிய தொழில் குழுமங்களையும் நாட்டுடைமையாக்கியது. நான்கு கம்யூனிஸ்டுகள் அதில் அமைச்சர்களாக இருந்தார்கள். மற்ற நாடுகள் எல்லாம் செலவைச் சுருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் பிரான்ஸ் மட்டும் மக்கள் கையில் பணம் கொடுத்ததால், அந்தப் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுப் பொருள்களை வாங்கப் போயிற்று, வணிகப் பற்றாக்குறை பெருகியது, முதலீட்டாளர்கள் பணத்தை வெளியே கொண்டுபோனார்கள், பதினெட்டு மாதங்களுக்குள் மூன்று முறை பிராங்கின் மதிப்பைக் குறைக்க வேண்டியதாயிற்று. 1983 மார்ச்சில் அரசு சிக்கனத்தின் பக்கம் திரும்பிவிட்டது. வெளிநாட்டுச் சுற்றுலா போகும் ஒரு பிரெஞ்சுக் குடிமகன் ஆண்டுக்கு 2,000 பிராங்குக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்றுகூடக் கட்டுப்பாடு வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த ழாக் தெலோர், நாணய மதிப்புகளை ஒன்றோடொன்று கட்டிவைத்த ஐரோப்பிய நாணய ஒழுங்குக்குள் நின்று சிக்கனம் பிடிக்க வேண்டும் என்றார். அந்த ஒழுங்கைவிட்டு வெளியேறி, இறக்குமதியைக் கட்டுப்படுத்தி, தொடங்கியதைத் தொடர வேண்டும் என்றார் தொழில்துறை அமைச்சர் ஷெவென்மான். தெலோர் வென்றார், ஷெவென்மான் பதவி விலகினார். உங்கள் கூட்டத்தில் நடந்த சண்டை அன்றே தொடங்கியதுதான்.

இதில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன். மூன்று என்ற எண் மனிதர்கள் கட்டிய வேலி. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வேலி அல்ல, பள்ளம். 1991இல் நம் நாட்டின் ரிசர்வ் வங்கி ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகுக்காக விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்பியதை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தித்தாளில் படித்தேன். ரூபாயை அச்சடிக்க நம்மால் முடியும், டாலரை முடியாது. 2022இல் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவிப்பதற்கு முன்பே, அரிசியும் பால்மாவும் எட்டாத விலைக்குப் போய், மன்னார்ப் பக்கத்துக் குடும்பங்கள் படகேறித் தனுஷ்கோடிக்கு வந்து இறங்கின. சொந்த நாணயம் வைத்திருக்கும் அரசுக்குப் பணமுடை என்பதே வராது என்று உற்சாகமாகப் பேசுபவர்கள் அந்தக் குடும்பங்களை நினைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சுக்கு இன்று சொந்த நாணயமும் கிடையாது.

அதற்காக உன் இரண்டாவது தோழர் சொல்வதை அப்படியே ஏற்க முடியாது. பள்ளத்தைக் காட்டி வேலியை நியாயப்படுத்துவது மரபுப் பொருளியலின் பழைய வழக்கம். போலந்துக்காரரான மிகைல் கலெட்ஸ்கி 1943இல் எழுதிய சிறிய கட்டுரை ஒன்று உண்டு. உங்கள் பாடத்திட்டத்தில் அது இருக்காது என்றே நினைக்கிறேன், நூலகத்தில் தேடி எடுத்துப் படி. அரசு செலவு செய்து அனைவருக்கும் வேலை கொடுப்பது கணக்குப்படி முடியும் என்றும், அப்படிக் கொடுத்தால் முதலாளிகளின் லாபம்கூட உயரும் என்றும் காட்டிவிட்டு, பிறகும் ஏன் அவர்கள் எதிர்க்கிறார்கள் என்று அவர் கேட்கிறார். அரசு தங்கள் நம்பிக்கையை எதிர்பார்த்து நிற்பதே அவர்களுடைய அதிகாரம் என்கிறார். எல்லோருக்கும் வேலை இருக்கும் நாட்டில், வேலையைவிட்டு அனுப்பிவிடுவேன் என்ற மிரட்டல் பலிக்காது என்பதைத்தான் அவர்கள் அதிகம் அஞ்சுகிறார்கள் என்கிறார். என் வாழ்க்கையில் பொருளியல் பற்றிப் படித்ததில் இவ்வளவு தெளிவான பக்கங்கள் வேறு இல்லை. கணக்கைக் கணக்காலேயே வென்ற பிறகு மிஞ்சி நிற்கும் எதிர்ப்பைத்தான் அவர் அதிகாரம் என்று பெயர் சொல்லிக் காட்டுகிறார். கணக்குப் போடத் தெரியாதவருக்கு அந்த இடம் கண்ணில் படாது. நீ படிப்பை விட்டுவிட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

உங்கள் ஊரில் அண்மையில் நடந்ததையே பார். 2025இல் அப்போதைய பிரதமர் பைரூ ஏறத்தாழ 4,400 கோடி யூரோ அளவுக்கு வரவு செலவைச் சரிக்கட்ட வேண்டும் என்று சொல்லி, இரண்டு பொது விடுமுறை நாள்களையும் எடுத்துவிடப் பார்த்து, செப்டம்பர் 8 அன்று நாடாளுமன்றத்தில் கவிழ்ந்தார். அதே காலத்தில் கப்ரியேல் ஸுக்மான் என்ற பொருளியலாளர், 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்கள் ஆண்டுதோறும் சொத்தில் குறைந்தது 2 விழுக்காடாவது வரியாகச் செலுத்த வேண்டும் என்றார். சுமார் 1,800 குடும்பங்களுக்கு மட்டும் பொருந்தும் வரி அது. அவர் நீங்கள் படிக்கும் அதே மரபுப் பொருளியலின் கருவிகளோடு வந்தவர். நோபல் பரிசு பெற்ற ஏழு பொருளியலாளர்கள் அந்த வரியை ஆதரித்துக் கையெழுத்திட்டார்கள், அபிஜித் பானர்ஜி உட்பட. அக்டோபர் 31 அன்று நாடாளுமன்றம் அதைத் தள்ளிவிட்டது. செலவைக் குறைக்கும்போது எண் மூன்றைக் காட்டியவர்கள், வரவைப் பெருக்க ஒருவர் வழி சொன்னபோது அந்த எண்ணை மறந்துபோனார்கள் என்பதை நீ அருகிலிருந்து பார்த்திருக்கிறாய்.

இடதுசாரிகளுக்குள் ஸுக்மானைப் பற்றி நடக்கும் பேச்சும் எனக்குப் புதிதல்ல. இதே குற்றச்சாட்டைப் பத்தாண்டுகளுக்கு முன், சொத்து ஏற்றத்தாழ்வை அளந்து எழுதிய பொருளியலாளர் பிக்கெட்டி மீது இடதுசாரிச் சிந்தனையாளர் லோர்தோன் வைத்தார்: சொத்தின் அளவை எண்ணிக் காட்டுகிறீர்கள், ஆனால் மூலதனம் என்பது ஒரு குவியல் அல்ல, ஓர் உறவு, உழைப்பவன் மீது உடையவனுக்குள்ள ஆதிக்கம், அதைத் தொடாமல் வரி போட்டு என்ன பயன் என்றார். கோட்பாட்டில் லோர்தோன் பக்கமே நியாயம் அதிகம் என்று நினைக்கிறேன். ஆனால் அளந்து காட்டுவதும் ஓர் ஆயுதம்தான். மேல்தட்டில் உள்ளவர்கள் தம் வருமானத்தில் மற்றவர்களைவிடக் குறைந்த பங்கையே வரியாகக் கட்டுகிறார்கள் என்று கணக்குக் காட்டாமல் இருந்திருந்தால், அந்த ஆதிக்கத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு நாள்கூட விவாதம் நடந்திருக்காது.

அதே மரபு தன் வாசலை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும். 2014 இறுதியில், மாற்றுக் கோட்பாட்டாளர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் தனிப் பிரிவு தொடங்கக் கல்வியமைச்சகம் முன்வந்தது. அந்த ஆண்டு நோபல் பரிசு பெற்ற ழான் திரோல் அதை எதிர்த்துக் கடிதம் எழுதினார், திட்டம் கைவிடப்பட்டது. ஆகவே உன் தோழரின் கோபம் காரணமில்லாத கோபம் அல்ல. அவரை வெறுக்காதே.

பைரூவுக்குப் பின் பிரதமரான லெகொர்னு 2025 அக்டோபரில், ஓய்வு வயதை உயர்த்தும் ஓய்வூதியச் சீர்திருத்தத்தை 2027 தேர்தல் வரை நிறுத்திவைப்பதாகச் சொன்னதும், சோஷலிஸ்டுகள் அவருடைய அரசைக் கவிழ்க்காமல் விட்டார்கள், அவர்களைவிட இடப்பக்கம் நிற்கும் மெலான்ஷோனின் கட்சி அதைத் துரோகம் என்றது. என்னால் துரோகம் என்று சொல்ல முடியவில்லை. அறுபதைத் தாண்டிய ஒரு துப்புரவுப் பணியாளருக்குச் சில மாதங்கள் முன்னதாக ஓய்வு கிடைப்பது பெரிய விஷயம். வரியில் ஒன்றும் பெறாமல் அதை மட்டும் வாங்கிக்கொண்டதுதான் என் வருத்தம்.

நம் பக்கத்திலும் இந்தச் சண்டை உண்டு. கேரளத்தில் 2006 முதல் 2011 வரை திட்டக் குழுவின் துணைத் தலைவராக இருந்த பிரபாத் பட்நாயக், பற்றாக்குறை வரம்பு என்பதே பன்னாட்டு நிதி மூலதனத்தின் கட்டளை என்று ஓயாமல் எழுதியவர். அதே இடதுசாரி அணியின் நிதியமைச்சர் தாமஸ் ஐசக், பின்னர் அந்த அணி மீண்டும் ஆட்சிக்கு வந்தபோது, வரம்பைச் சுற்றிப் போகும் வழியாக ஒரு வாரியத்தைக் கொண்டு கடன் வாங்கினார். 2019இல் லண்டன் சந்தையில் 9.723 விழுக்காடு வட்டிக்கு 2,150 கோடி ரூபாய் திரட்டினார்கள். பள்ளிக் கட்டடங்களும் மருத்துவமனைகளும் எழுந்தன, உண்மை. நிதி மூலதனத்தின் கட்டளையை மீற அதே நிதி மூலதனத்திடம் அந்த வட்டிக்குப் போக வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. ஒன்றிய அரசு அந்தக் கடனையும் மாநிலத்தின் வரம்புக்குள் சேர்த்தது. கேரளம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2024 ஏப்ரலில் வழக்கு ஐந்து நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. நாணயம் அச்சடிக்க முடியாத மாநில அரசுக்கு அந்த மூன்று எவ்வளவு கனமானது என்பதைப் பாரிசில் உட்கார்ந்து பேசுபவர்கள் உணர்வது கடினம். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு நிரந்தர ஆசிரியர் வரவில்லை. தொகுப்பூதியத்தில் ஒரு பெண் வந்தாள். என்னைவிட நன்றாக நடத்துகிறாள். மே மாதம் அவளுக்குச் சம்பளம் கிடையாது.

ஆகையால், மகளே, அந்தப் பொருளியல் படிப்பை விட்டுவிடாதே. கூட்டங்களுக்கும் போ. ஒருவர் ஓர் எண்ணைக் காட்டி இதற்கு மேல் முடியாது என்று சொல்லும்போது, அது வேலியா பள்ளமா என்று விசாரித்துச் சொல்லும் ஆள் அந்த அறையில் ஒருவராவது இருக்க வேண்டும். அதற்கு உன் தோழர்கள் இருவரின் கல்வியும் உனக்கு வேண்டும்.

கடைசி பெஞ்சுப் பையன் இப்போது நெல்லித்தோப்பில் கைபேசிக் கடை வைத்திருக்கிறான். போன மாதம் அங்கே போனபோது, அவனுக்கு இருபது ஆண்டுகளாக நான் பட்டிருந்த கடனைத் தீர்ப்பதுபோல், பாரிசில் நடந்ததை முழுவதும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப அவங்க நாலுன்னு எழுதியிருந்தா, டீச்சர்?" என்றான். நாலைத்தான் உங்களுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன் என்றேன்.

அப்பா நலம். குளிருக்குக் கம்பளி வாங்கிக்கொண்டாயா என்று எழுது.

அன்புடன்,
அம்மா