உயர்நிலைப் பள்ளி இணைச்சான்றிதழ்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம்.

ஞாயிறு வகுப்பு முடிந்து பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரத்தில், கூட்டம் கலையட்டும் என்று காத்திருந்து என்னிடம் பேசியவர்கள் இந்தப் பருவத்தில் கொஞ்சம் அதிகம். கேட்டது பெரும்பாலும் ஒரே விஷயம்தான். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள் ஜி.இ.டி. எழுதலாம் என்கிறார்களே, அதற்கு என்னென்ன வேண்டும்?

கேட்டவர்களில் இரண்டு வகை உண்டு. ஊரில் பத்தாவதோடு படிப்பு நின்றுபோய், கல்யாணமாகி இங்கே அமெரிக்காவுக்கு வந்து, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மறுபடி படிக்க ஆசைப்படும் அம்மாக்கள் ஒரு வகை. பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறது, நிறுத்திவிட்டு இதை எழுதவைக்கலாமா என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. அம்மாக்களுக்கு நான் சொல்வது, இன்றைக்கே ஆரம்பியுங்கள். பிள்ளைக்காகக் கேட்டவர்களுக்கு, கொஞ்சம் பொறுங்கள். ஏன் என்று ஆற அமர எழுதுகிறேன்.

முதலில் ஒரு விளக்கம். ஜி.இ.டி. என்பது தேர்வின் பெயர். அதில் தேறினால், உயர்நிலைப் பள்ளி முடித்ததற்கான டிப்ளமாவுக்கு இணையான சான்றிதழைத் தருவது நீங்கள் குடியிருக்கும் மாநிலம். 1942-ல், இரண்டாம் உலகப்போருக்குப் போய் படிப்பைப் பாதியில் விட்ட படைவீரர்களுக்காகத் தொடங்கிய தேர்வு இது. நம் பள்ளிக்கு நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, நியூயார்க் மூன்றிலிருந்தும் குடும்பங்கள் வருவதால், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் ஜி.இ.டி., ஹைசெட் என்ற இரண்டு தேர்வுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நியூயார்க்கில் ஜி.இ.டி. மட்டும்தான், அந்த மாநிலத்தில் குடியிருப்பவர்களுக்குக் கட்டணமும் கிடையாது. மற்ற இரண்டு மாநிலங்களிலும் பாடத்துக்குப் பாடம் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

யார் எழுதலாம்? பள்ளி டிப்ளமா ஏற்கெனவே வாங்கியிருக்கக் கூடாது. எந்த உயர்நிலைப் பள்ளியிலும் மாணவராகப் பதிவில் இருக்கக் கூடாது. வயது பதினாறுக்குக் குறையக் கூடாது. பதினாறு, பதினேழு என்றால் பெற்றோர் ஒப்புதல், பள்ளியிலிருந்து விலகியதற்கான கடிதம் என்று மாநிலத்துக்கு ஏற்றபடி கூடுதல் காகிதங்கள் கேட்பார்கள். பதினெட்டு தாண்டியவர்களுக்கு இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

ஊரில் பன்னிரண்டாவது தேறியவர்கள் இதை எழுத வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. அந்த மதிப்பெண் பட்டியலை இங்கே முறைப்படி மதிப்பீடு செய்து வாங்கினால், கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட உள்ளூர்க் கல்லூரியில்) சேர அதுவே போதும். மூட்டை கட்டி வந்தபோது அந்தப் பட்டியலை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள், அதை வரவழைக்கும் வழியை முதலில் பாருங்கள். தேர்வு எழுதுவதைவிடச் சுலபம் அது.

இனி, நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். நம்முடைய பெயர்.

போன வருடம் நம் பள்ளி அம்மா ஒருவர் நான்கு மாதம் படித்து, கணக்குத் தேர்வுக்கு நாள் குறித்து, வேலையில் விடுப்புச் சொல்லி, முக்கால் மணி நேரம் கார் ஓட்டித் தேர்வு மையத்துக்குப் போனார். உள்ளே விடவில்லை. தேர்வுக்காக இணையத்தில் பதிவுக் கணக்குத் தொடங்கியபோது தன் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைப் போட்டிருக்கிறார். கையில் இருந்த ஓட்டுநர் உரிமத்திலோ அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்தவர் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கட்டிய பணம் போச்சு. அதைவிட, அடுத்த ஒரு மாதம் அவர் புத்தகத்தையே தொடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இனிஷியலோடு பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, உரிமத்தில் ஒரு மாதிரி, குழந்தையின் பள்ளிப் படிவத்தில் இன்னொரு மாதிரி எழுதி எழுதிப் பழகிவிட்டோம். இங்கே அது செல்லாது. தேர்வு நாளில் நீங்கள் காட்டப்போகும் அரசு அடையாள அட்டையை, புகைப்படமும் கையெழுத்தும் உள்ளதை, காலாவதி ஆகாததை, மேசைமேல் வைத்துக்கொண்டு, அதில் இருப்பதை அப்படியே பார்த்துக் கணக்கைத் தொடங்குங்கள். ஏற்கெனவே தொடங்கியவர்கள் இன்றிரவே திறந்து சரிபாருங்கள். பெயரைத் திருத்தச் சில நாள் ஆகலாம் என்பதால் தேர்வுக்கு முந்தின நாள் வரை விட்டுவைக்காதீர்கள்.

சரி, தேர்வுக்கு வருவோம். ஜி.இ.டி.யில் நான்கு பாடங்கள். கணக்குக்கு 115 நிமிடம், மொழிக்கு (ஆங்கில வாசிப்பும் எழுத்தும்) 150 நிமிடம், அறிவியலுக்கு 90, சமூக அறிவியலுக்கு 70. எல்லாம் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஒரே நாளில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொன்றாக, படித்து முடித்த வரிசையில் எழுதிக்கொண்டு போகலாம். மதிப்பெண் 100-லிருந்து 200 வரை. ஒவ்வொரு பாடத்திலும் 145 எடுக்க வேண்டும். சராசரிக் கணக்கு இங்கே செல்லாது. மூன்று பாடத்தில் 170 வாங்கிக் கணக்கில் 144 வாங்கினால் சான்றிதழ் வராது. ஆனால் கணக்கை மட்டும் திரும்ப எழுதினால் போதும். 165-க்கு மேல் வாங்குவது கல்லூரிக்குத் தயார் என்பதற்கான அடையாளம். 175-க்கு மேல் போனால் சில கல்லூரிகள் அந்தப் பாடத்துக்குக் கிரெடிட்டே (படித்து முடித்ததாகக் கணக்கில் சேரும் பாடப் புள்ளி) தருகின்றன.

ஹைசெட்டில் வாசிப்பும் எழுத்தும் தனித்தனி என்பதால் ஐந்து பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண், குறைந்தது 8 வேண்டும், கட்டுரையில் 6-க்கு 2 வேண்டும், மொத்தம் 45 வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐந்திலும் எட்டெட்டு எடுத்தால் நாற்பதுதான் வரும். ஆக, எங்காவது ஒன்றிரண்டு பகுதியில் நன்றாகவே எழுதியாக வேண்டும்.

கணக்கை நினைத்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். நம் ஊரில் எட்டாவது, பத்தாவது வரை ஒழுங்காகப் படித்தவர்களுக்குக் கணக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதல்ல. சூத்திரங்கள் தாளோடு தரப்படுகின்றன. கால்குலேட்டர் திரையிலேயே வரும். ஆரம்பத்தில் வரும் சில கேள்விகளுக்கு மட்டும் அது கிடைக்காது. அங்கே வாய்ப்பாடு தெரிந்தவர்கள் கெட்டிக்காரர்கள். வழுக்குவது எங்கே என்றால், கேள்வியை ஆங்கிலத்தில் படித்து என்ன கேட்கிறார்கள் என்று பிடிப்பதில். அறிவியலிலும் இதே கதைதான். மனப்பாடமாகச் சொல்ல வேண்டியது குறைவு, வரைபடத்தையும் அட்டவணையையும் பார்த்துச் சொல்ல வேண்டியது அதிகம். சமூக அறிவியலில் சரிபாதி அமெரிக்கக் குடிமையியலும் அரசாங்கமும். வரலாறு ஐந்தில் ஒரு பங்கு. குடியுரிமைத் தேர்வுக்குப் படித்தவர்களுக்கு அது ஓரளவு கைகொடுக்கும்.

மொழித்தேர்வில் 45 நிமிடக் கட்டுரை ஒன்று உண்டு. நன்றாக எழுதுகிறவர்கள்தான் அதில் சறுக்குகிறார்கள் என்பதை நான் நேரில் பார்த்தேன். ஒரே விஷயத்தைப் பற்றி எதிரெதிரான இரண்டு வாதங்களைக் கொடுத்து, எதற்கு ஆதாரம் வலுவாக இருக்கிறது என்று எழுதச் சொல்வார்கள். நம் ஆட்கள் உடனே தங்கள் சொந்தக் கருத்தை எழுதிவிடுகிறார்கள், மனதைத் தொடும்படி, அழகாக. அதற்கு மதிப்பெண் இல்லை. பட்டிமன்றத்தில் எந்த அணியிலும் உட்காராதீர்கள், நடுவர் நாற்காலியில் உட்காருங்கள் என்று அப்படி எழுதிய ஓர் அம்மாவிடம் சொன்னேன். இந்தப் பக்கம் இன்ன ஆதாரம் காட்டினார், அந்தப் பக்கம் காட்டவில்லை, ஆகவே தீர்ப்பு இது. மறுநாள் அவர் எழுதிக் காட்டியதில் முதல் வரியிலேயே தீர்ப்பு இருந்தது.

தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் ஜி.இ.டி. ரெடி என்ற மாதிரித் தேர்வை எழுதிப் பாருங்கள். தேர்ச்சி வாய்ப்பு எப்படி என்று சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தில் காட்டிவிடும். மஞ்சளில் நின்றுகொண்டு அதிர்ஷ்டத்தை நம்பிப் போக வேண்டாம். வீட்டிலிருந்தே எழுதும் வசதி எல்லா மாநிலத்திலும் இல்லை. இருக்கிற இடத்திலும், கடைசி 60 நாளுக்குள் பச்சை வாங்கியவர்களைத்தான் அனுமதிப்பார்கள். தவறிவிட்டால் பொதுவாக இரண்டு முறை உடனே திரும்ப எழுதலாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 60 நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு பாடம் முடித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். 2014-ல் தேர்வையே மாற்றியமைத்தபோது, பாதியில் நின்றவர்களின் பழைய மதிப்பெண்கள் செல்லாமல் போயின. அரைக்கிணறு தாண்டிய கதையாகிவிட்டது.

இப்போது பிள்ளைகளைப் பற்றி.

பதினாறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் வேண்டாம் என்கிறது என்றால், அதற்குப் பின்னால் பள்ளிக்கூடம் அல்லாத ஏதோ ஒன்று இருக்கும். வகுப்பில் ஒருவன் தினமும் சீண்டுகிறான், இரவெல்லாம் தூக்கமில்லை, ஒரு பாடத்தில் பின்தங்கி வெட்கத்தில் வகுப்பைத் தவிர்க்கத் தொடங்கி அது வளர்ந்துவிட்டது. இவற்றில் எதையும் ஜி.இ.டி. தீர்க்காது. மேலும், தேர்வெழுத வேண்டும் என்றால் முதலில் பள்ளியிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு, பிள்ளை வீட்டிலும் படிக்காமல், தேர்வையும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனால் கையில் எதுவும் மிஞ்சாது. அப்படி ஒரு வருடத்தைத் தொலைத்த குடும்பத்தை எனக்குத் தெரியும்.

ஆகவே முதல் வேலை, பள்ளியின் கவுன்சலரை நேரில் போய்ப் பார்ப்பது. எத்தனை கிரெடிட் குறைகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல நேரங்களில் கோடை வகுப்பிலோ மாற்றுப் பள்ளியிலோ ஈடுகட்டிவிடக்கூடிய அளவுதான் குறையும். டிப்ளமா வாங்காத பிள்ளைக்கு நியூ ஜெர்சியில் 20 வயது வரையிலும், நியூயார்க்கிலும் பென்சில்வேனியாவிலும் 21 வரையிலும் பொதுப் பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை இருக்கிறது. ஒரு வருடம் தாமதமாக முடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று யோசிக்காதீர்கள். கல்லூரிகள் பெரும்பாலும் இணைச்சான்றிதழை ஏற்கின்றன, அரசு கல்வி உதவிக்கும் தகுதி உண்டு, உண்மைதான். ஆனால் ராணுவத்தில் சேர நினைக்கும் பிள்ளைக்கு டிப்ளமாவுக்கே முன்னுரிமை.

இதையெல்லாம் பார்த்த பிறகும், உடல்நிலையாலோ மனநிலையாலோ பள்ளி சரிப்படாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இது நல்ல வழி. நானே முன்னின்று உதவுகிறேன். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குக் கூடுதல் நேரம், தனி அறை, இடையிடையே ஓய்வு எல்லாம் கிடைக்கும். பள்ளியில் ஏற்கெனவே இந்தச் சலுகை இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தேர்வுக்குத் தனியாக, மருத்துவச் சான்றுகளோடு, நாள் குறிப்பதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கான இலவச வகுப்புகள் பல நூலகங்களிலும் கம்யூனிட்டி காலேஜ்களிலும் நடக்கின்றன. அதற்குப் போகத் தயங்குகிறவர்களுக்காக, வரும் ஞாயிறு முதல் பிள்ளைகளின் வகுப்பு நடக்கும் அதே இரண்டு மணி நேரம் நூலக அறையைத் திறந்து வைக்கிறேன். காரில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம்தானே, உள்ளே வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நோட்டும் உங்கள் அடையாள அட்டையும் கொண்டுவாருங்கள். முதல் நாள் எல்லோருடைய பெயரையும் சரிபார்த்துவிடுவோம். கால்குலேட்டர் வேண்டாம், திரையில் வருவதையே பழகிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்