67 ஆசியா: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பு நண்பா,

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் நலம். ஆறங்குலத் தொலைநோக்கி வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. சூரியனைச் சுற்றும் சிறு பாறைக்கோள்களான குறுங்கோள்களில் முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். வெஸ்டா சுலபம்தான். ஆனால் நான் சொல்வது 67 ஆசியா (67 என்பது குறுங்கோள் வரிசையில் அதன் எண்). நம் நுங்கம்பாக்கத்தில் கண்டுபிடித்தது அது.

அங்கிருந்த சென்னை வானாய்வகத்தில் 1861-இல் பொறுப்பேற்ற நார்மன் போக்சன், அந்த ஏப்ரல் 17 அன்றே அதைக் கண்டார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறிந்த முதல் குறுங்கோள் என்பதால்தான் அந்தப் பெயர். கிரேக்கப் புராணத்திலும் ஆசியா என்றொரு தெய்வப்பெண் இருந்தது வசதியாகிவிட்டது; அன்றைக்குப் பெண் தெய்வங்களின் பெயரைச் சூட்டுவதுதான் வழக்கம். பிற்பாடு சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா என்று இன்னும் நான்கை அங்கிருந்தே கண்டார். சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டென்று 2005-இல் தெரியவந்தது.

சென்னைக்கு ஒரு வசதி உண்டு. குறுங்கோள்கள் பெரும்பாலும் சூரியப் பாதையை, அதாவது ஆண்டு முழுதும் நட்சத்திரங்களிடையே சூரியன் நகரும் வழியை, ஒட்டியே நகரும். அந்தப் பாதையின் தென்கோடி லண்டனில் அடிவானத்திலிருந்து 15 டிகிரிதான் எழும். சென்னையில் 54 டிகிரி. தாழ இருந்தால் காற்றுமண்டலமே பாதி வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

கண்டுபிடிப்பு என்பது ஓர் இரவில் முடிகிற காரியமில்லை. தொலைநோக்கியில் ஆசியா வெறும் புள்ளி, பக்கத்து நட்சத்திரத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. வரைபடத்தில் இல்லாத புள்ளி என்றால் வரைபடம்தான் குறையாக இருக்கலாம். ஒளிமாறும் நட்சத்திரமாகவும் இருக்கலாம். நகர்ந்தால்தான் குறுங்கோள். வானில் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம், பூமி நடுவில் இருக்கும்படி, வரும் நாட்களில் ஆசியா மணிக்குச் சுமார் 37 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில் 3600 ஆர்க்செகண்ட்) மேற்கே நகரும், ஒரு நாளைக்குக் கால் டிகிரி, அதாவது நிலாவின் அகலத்தில் பாதி. அதற்கு ஒன்றரை மாதம் முன்னோ பின்னோ பார்த்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கும், ஏமாந்துபோவாய்.

ஆகவே இப்படிச் செய். குறைந்த உருப்பெருக்கத்தில் இடத்தைப் பிடித்து, பிறகு நூறு மடங்குக்கு மாற்று. புள்ளியைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களை, அதைவிட ஒரு படி மங்கலானவை வரை, தாளில் குறி. நேரத்தை நிமிடம் தவறாமல் எழுது. கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினாலே இடம் 0.6 ஆர்க்செகண்ட் பிசகும். இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை, மறுநாள் இரவு ஒருமுறை என்று மறுபடி வரைந்து பார்.

எப்போது பார்ப்பது என்பதைச் சுற்றுப்பாதைதான் சொல்லும். சூரியனிடமிருந்து சராசரி தூரம் 2.42 வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரி தூரம் ஓர் அலகு). கெப்ளர் விதிப்படி ஒரு சுற்றுக்கு 3.77 ஆண்டு. பாதை நீள்வட்டம்: சூரியனுக்கு அண்மையில் 1.97, சேய்மையில் 2.87. சூரியனுக்கு எதிரே 16 மாதத்துக்கு ஒருமுறை வரும், ஆனால் எல்லா முறையும் ஒன்றல்ல. அண்மையில் இருக்கும்போது எதிரே வந்தால் பிரகாச எண் 10-ஐ ஒட்டியிருக்கும், சேய்மையில் 12; எண் கூடினால் மங்கல். அதாவது ஆறு மடங்குக்கு மேல் மங்கல், உன் ஊர் விளக்கு வெளிச்சத்தில் அதைத் தேடாதே. இந்தப் பிரகாச அளவுக்கு ஒரு படிக்கு 2.512 மடங்கு என்று 1856-இல் வரையறை தந்ததும் போக்சன்தான்.

பாதையைக் கணக்கிட மூன்று இரவு அளவுகள் போதும் என்பார்கள். கணிதப்படி சரி. ஆனால் அவை அடுத்தடுத்த நாட்களாக இருந்தால் பாதையின் வளைவு அளவீட்டுப் பிழைக்குள்ளேயே மறைந்துபோகும். அடுத்த முறை எதிரே வரும்போது கணித்த இடத்தில் ஆள் இருக்காது. 1873-இல் கண்ட 132 ஏத்ரா அப்படித்தான் 1922 வரை தொலைந்துபோயிருந்தது. அதனால்தான் இன்றைக்குப் பாதை உறுதியான பிறகே எண், எண் கிடைத்த பிறகே பெயர். காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் இராஜமோகன் 1988 பிப்ரவரி 17-இல் கண்ட குறுங்கோளுக்கு முதலில் 1988 டிகியூ1 என்றுதான் குறி: டி என்றால் பிப்ரவரியின் பிற்பாதி, கியூ1 என்றால் அதில் 41-ஆவது. இராமானுஜன் என்ற பெயர் அப்புறம்தான், 4130 என்ற எண்ணோடு.

வரைந்த மூன்று தாள்களையும் நேரக் குறிப்போடு அனுப்பு. ஒரு மாத இடைவெளியில் இன்னும் இரண்டு இரவு சேர்த்தாயானால், பாதையை நானே கணக்கிட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்