எத்தனை தடவை என்பது போதாது, எத்தனை மில்லி என்பதும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அறுபதைத் தாண்டிய ஆண்களின் சிறுநீர்த் தொல்லை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை அவசியமான ஒன்று. வீட்டில் சொல்லக் கூச்சப்பட்டு, ‘வயசானா அப்படித்தான்’ என்று காலம் தள்ளுகிறவர்கள் ஏராளம். ஆனால், ராத்திரியில் சிறுநீர் கழிக்க நாலைந்து தடவை எழுந்தாலே புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீங்கிவிட்டது என்று கட்டுரை முடிவு கட்டியிருப்பதை ஏற்க முடியவில்லை. அதை அப்படியே நம்பினால், சர்க்கரையோ இதயமோ காலில் தேங்கும் நீரோ காரணமாக இருப்பவரும் புராஸ்டேட் மாத்திரையை விழுங்கிக்கொண்டு, விடியும்வரை கழிப்பறைக்கு நடந்துகொண்டிருப்பார்.

ராத்திரி எழுவதற்கு முக்கியமாக மூன்று காரணங்கள். சிறுநீர்ப்பை கொஞ்சமாகத்தான் பிடிக்கிறது, அல்லது முழுக்கக் காலியாவதில்லை என்பது ஒன்று. ராத்திரியில் மட்டும் நீர் அதிகம் உற்பத்தியாவது இன்னொன்று. இரவு பகல் இரண்டிலும் அதிகம் உற்பத்தியாவது மூன்றாவது. புராஸ்டேட்டுக்கு நேரடிச் சம்பந்தம் முதலாவதில்தான். எந்த வகை என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த பரிசோதனை எதுவும் தேவையில்லை. மில்லி கோடு போட்ட அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை ஒன்று, நோட்டு ஒன்று, மூன்று நாள் பொறுமை, இவ்வளவு போதும்.

ஒவ்வொரு தடவையும் குவளையில் பிடித்து, நேரத்தையும் அளவையும் எழுத வேண்டும். குடித்த தண்ணீர், காபி, மோர், ரசம் எல்லாம் பக்கத்தில். படுக்கப் போன நேரமும் எழுந்த நேரமும் கட்டாயம். இங்கே பலரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. காலையில் எழுந்ததும் முதலில் போவதைப் பகல் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது ராத்திரி முழுக்கச் சேர்ந்த நீர், ராத்திரிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். படுக்கைக்குப் போகுமுன் கழிப்பது பகல் கணக்கு.

ஒரு தாளில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 1.10 மணி 350, 3.00 மணி 300, 4.40 மணி 300, காலை 6.15 மணி 350. கூட்டினால் 1,300 மில்லி. அந்த நாளின் மொத்தமே 1,900 என்றால், மூன்றில் இரண்டு பங்கு தூங்கும் நேரத்தில் வந்திருக்கிறது. 65 வயதைத் தாண்டியவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனாலே அது இரவு மிகுநீர். ஒவ்வொரு தடவையும் 300, 350 பிடிக்கிற பையைச் சுருங்கிய பை என்று சொல்ல முடியாது. இவருக்குப் புராஸ்டேட் மாத்திரை மட்டும் கொடுத்தால் பெரிய மாற்றம் இருக்காது. அதே நாலு வரியில் 80, 100, 70, 90 என்று இருந்தால் கதை வேறு. அங்கேதான் அடைப்பு, மீதம் தங்குதல், நீர்த்தொற்று, பையின் அவசரத் துடிப்பு என்று தேட வேண்டும்.

இரவு மிகுநீர்க்காரர் சாயங்காலம் கணைக்கால் எலும்பின் மேல், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்புறம், கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்திப் பார்க்க வேண்டும். குழி விழுந்து மெல்ல நிரம்பினால் நீர் தேங்கியிருக்கிறது. பகலெல்லாம் காலில் நின்ற அந்த நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீரகத்தின் வழியே வெளியேறும். இதய பலவீனம் காரணமாகலாம், சிறுநீரகம் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்குவதும் உண்டு. மதியத்துக்குமேல் ஒரு மணி நேரமாவது காலை உயர்த்திப் படுத்தால், அந்த நீரில் ஒரு பகுதி பகலிலேயே கழிந்துவிடும். நீர் பிரிக்கும் மாத்திரையைச் சாயங்காலம் சாப்பிடுகிறவர்கள் நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும், தாமாக மாற்றக் கூடாது. உப்பையும் குறைக்க வேண்டும், ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் உண்டு. பலமாகக் குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று திணறுகிறவர்களுக்கும் ராத்திரி நீர் பெருகும். மூச்சுக் கோளாறுக்கு வைத்தியம் பார்த்தால் இதுவும் குறையும்.

ஒரு நாள் மொத்தம் கிலோவுக்கு 40 மில்லியைத் தாண்டினால், 60 கிலோ ஆளுக்கு 2,400, அது மூன்றாவது வகை. முதலில் சர்க்கரையைப் பாருங்கள். ரத்தத்தில் ஏறத்தாழ 180ஐத் தாண்டும்போது சர்க்கரை சிறுநீரில் வழிந்து, கூடவே நீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேலை செய்வதே சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளித்தான். 2020இல் அதன் அடிப்படைக் காப்புரிமை முடிந்து விலை இறங்கியபின் அது பரவலாகிவிட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்து, பயந்து நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அதைச் சாப்பிடுகிறார் என்பது சிறுநீரியல் மருத்துவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதைச் சாப்பிடும் ஆண்களுக்கு முன்தோலில் அரிப்பும் வெள்ளைப் படிவும் வரலாம். தினமும் கழுவி ஈரம் போகத் துடைத்தால் பெரும்பாலும் தவிர்க்கலாம். வந்துவிட்டால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இனி புராஸ்டேட்டுக்கே வருவோம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 50 கிராம், 60 கிராம் என்று பார்த்ததும் குடும்பமே கலங்கிவிடுகிறது. அளவும் தொல்லையும் சேர்ந்தே போவதில்லை. 30 கிராமில் அடைத்துக்கொண்டு தவிப்பவரும் உண்டு, 80 கிராமோடு நிம்மதியாக இருப்பவரும் உண்டு. பார்க்க வேண்டிய எண், போய்விட்டு வந்தபின் பையில் எவ்வளவு மீதி என்பது. அதிலும் ஒரு கோளாறு நடக்கிறது. ஸ்கேனுக்கு முன் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கவைத்து, முட்டி முட்டிப் பொறுக்க முடியாத நிலையில் உட்காரவைக்கிறார்கள். அளவு மீறி விரிந்த பை முழுதாகச் சுருங்காது. 150 மில்லி மீதி என்று ரிப்போர்ட் வரும். வழக்கமாக அவசரம் தோன்றும் அளவில் போய்விட்டு வந்து, உடனே இன்னொரு முறை எடுத்தால் 30தான் இருக்கலாம். அந்த ஓர் எண்ணை வைத்து அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்குமுன் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

புராஸ்டேட் மாத்திரையான டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்குப் பின், கடிக்காமல் பிரிக்காமல் விழுங்க வேண்டியது. சில நாளிலேயே ஓட்டம் சீராகத் தொடங்கும். எழும்போது தலை சுற்றலாம் என்பதால், ராத்திரி கட்டிலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது. விந்து வெளிவராமல் போவதும் நடக்கும். அதனால் ஆபத்தில்லை, ஆனால் முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பலர் பயந்து மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். கண்புரை அறுவைக்குப் போகிறவர்கள் இந்த மாத்திரையைப் பற்றிக் கண் மருத்துவரிடம் சொல்லியே தீர வேண்டும். அறுவையின்போது கண்ணின் கருவிழித்திரை தொய்ந்து, கண்மணி சுருங்கிச் சிக்கல் தரலாம். நிறுத்திப் பல நாள் ஆனாலும் அந்தத் தன்மை இருக்கலாம். தெரிந்திருந்தால் மருத்துவர் தயாராக வருவார்.

ஃபினாஸ்டெரைட், டுடாஸ்டெரைட் வேறு வகை. சுரப்பியையே சுருக்குபவை, பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். இவை பிஎஸ்ஏ (புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) அளவை ஏறத்தாழப் பாதியாக்கிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவருக்கு ரிப்போர்ட்டில் 3 என்று வந்தால் அதை 6 என்று எடுத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். மருந்தின் பெயரைச் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று வீடு திரும்புவதுதான் ஆபத்து. மாறாக, நீர்த்தொற்று இருக்கும்போதும் சிறுநீர் வெளியேற டியூப் போட்ட சமயத்திலும் எடுத்தால் பிஎஸ்ஏ வீணாக ஏறிக் காட்டும். ஆறு வாரம் கழித்து எடுப்பதே சரி.

சளி மாத்திரை பற்றிக் கட்டுரை ஒரு வார்த்தை சொல்லாதது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் ஃபீனைலெஃப்ரினும் குளோர்ஃபெனிரமினும் சேர்ந்திருக்கும். முன்னது பையின் கழுத்தை இறுக்கும், பின்னது பையின் தசையைத் தளர்த்தும். ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் போய்க்கொண்டிருந்தவருக்கு ஒரே ராத்திரியில் முழு அடைப்பு வந்துவிடலாம். அடிவயிறு உருண்டு, வலி தாங்காமல் ஒரு சொட்டும் வராவிட்டால், தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்ப்பதும் வெந்நீர் ஒத்தடத்தில் நேரத்தைக் கழிப்பதும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வலியே இல்லாமல் மெல்ல மெல்லத் தேங்குவது இன்னும் மோசம். சொட்டுச் சொட்டாக வழிவதும் தூக்கத்தில் படுக்கை நனைவதும்தான் அதன் அடையாளம். அதற்குள் சிறுநீரகம் கெட்டுப்போயிருக்கலாம்.

டியூபோடு வீடு திரும்புகிறவர்களைப் பார்த்துக்கொள்வோருக்கும் ஒரு வார்த்தை. டியூபில் மாட்டிய நீர் சேரும் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. முக்கால் நிரம்பும்வரை காத்திராமல் கொட்ட வேண்டும். முன்தோலைப் பின்னால் தள்ளிச் சோப்புப் போட்டுக் கழுவியபின் அதை மறுபடி முன்னால் இழுத்துவிட வேண்டும். மறந்தால் இறுகி வீங்கி, சில மணி நேரத்தில் அவசர சிகிச்சை தேவைப்படும்.

சிறுநீரில் ஒரே ஒரு தடவை ரத்தம் தெரிந்து நின்றுவிட்டாலும், குறிப்பாகப் பீடி சிகரெட் பழக்கம் உள்ளவர்கள், ‘சூடு’ என்று இளநீரோடு விட்டுவிடக் கூடாது. சிறுநீர்ப்பையில் புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்தாக வேண்டும்.

2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. வருகிற தன்னார்வலர்கள் பெண்கள். அவர்களிடம் இந்தப் பேச்சை எடுக்க நம் வீட்டுப் பெரியவர்கள் கூசுவது இயல்பு. அதனால் வாயால் கேட்க வேண்டாம், மாத்திரையோடு சேர்த்து ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போகட்டும். நேரம், அளவு, குடித்தது, படுத்தது, எழுந்தது என்று ஐந்து கட்டம், மூன்று நாளுக்கு மூன்று பக்கம். கீழே, சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரும் எழுத இடம். அடுத்த மாதம் மருத்துவரிடம் போகும்போது பெரியவர் அதை மேசையில் வைத்தால் போதும், வாய் திறந்து சொல்லச் சங்கடப்பட்டதெல்லாம் அதில் இருக்கும். சுகாதாரத் துறையின் கவனத்துக்கு இதைக் கொண்டுபோகுமாறும், அப்படி ஒரு மாதிரித் தாளை உங்கள் இதழிலேயே வெட்டி எடுக்கும்படி அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சிறுநீரியல் பிரிவு செவிலியர்,
மதுரை.