முன்பதிவு செய்துவிட்டால் விலை மாறாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவில் புதிய கார் வாங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. கடன் வட்டி பற்றிய பகுதியை இங்கே புதிதாக வந்திருக்கும் இரண்டு குடும்பங்களுக்கு அனுப்பியும் வைத்தேன். ஆனால் நடுவில் ஒரு வரி தவறு. முன்பதிவு செய்த வண்டிக்கு ஸ்டிக்கர் விலைக்கு மேல் டீலர் பணம் கேட்பது சட்டவிரோதம், கார் கம்பெனிக்கு ஒரு புகார் அனுப்பினால் போதும் என்று எழுதியிருந்தது. இதை நம்பி யாராவது ஷோரூமில் போய் வாதாடினால், அங்கே இருப்பவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிடுவார்.

கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் அந்த விலை ஸ்டிக்கரைக் கட்டாயமாக்கியது 1958இல் வந்த கூட்டாட்சிச் சட்டம். அதைக் கொண்டுவந்த ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனியின் பெயரால்தான் இன்றும் அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்கிறார்கள். வண்டியின் விலை, கூடுதல் வசதிகளின் விலை, டீலரிடம் கொண்டுவந்து சேர்க்கும் கட்டணம் எல்லாம் வாங்குபவர் கண்ணில் படவேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். அந்த விலைக்குத்தான் விற்கவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. டீலர் தனி வியாபாரி. கம்பெனியிடம் வண்டியை வாங்கித் தன் விலைக்கு விற்கிறார். மாநிலச் சட்டங்களும் அவருக்குப் பலமான பாதுகாப்பு கொடுத்திருக்கின்றன. சிப் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, 2022 தொடக்கத்தில், ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் தங்கள் டீலர்களை எச்சரித்தன. முன்பதிவு செய்தவர்களிடம் கூடுதலாகக் கேட்டால் உங்களுக்கு வரும் வண்டிகள் வேறு பக்கம் திருப்பிவிடப்படும் என்றார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிகளாலும் ஒதுக்கீட்டில் கை வைப்போம் என்றுதான் மிரட்ட முடிந்தது, இந்த விலைக்கு விற்றாகவேண்டும் என்று உத்தரவு போட முடியவில்லை.

மத்திய அரசின் வர்த்தக ஆணையம் 2023 டிசம்பரில் ஒரு விதியைக் கொண்டுவந்தது உண்மை. வண்டியின் முழு விலையை முன்கூட்டியே சொல்லவேண்டும், வாங்குபவருக்குப் பயனில்லாத பொருள்களுக்குப் பணம் வாங்கக்கூடாது என்பவை அதில் இருந்தன. டீலர் சங்கங்கள் வழக்குப் போட்டன. விதியை அறிவித்த நடைமுறை சரியில்லை என்று 2025 ஜனவரியில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த விதி நடைமுறைக்கு வந்திருந்தாலும்கூட, டீலர் விலையை ஏற்றுவதை அது தடுத்திருக்காது. உங்கள் கட்டுரையாளர் மனதில் இந்த விதிதான் இருந்ததோ என்னவோ.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஹைபிரிட் வண்டிக்கு இங்கே நியூ ஜெர்சியில் ஒரு டீலரிடம் முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தோம். வண்டி வந்துவிட்டது, வாருங்கள் என்றார்கள். போனால் மன்ரோனி ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டிக்கர். 'மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்', அதாவது கிராக்கியைக் காட்டி டீலர் ஏற்றும் தொகை, 5,000 டாலர். அதற்குக் கீழே பெயின்ட் பாதுகாப்பு, கண்ணாடியில் எண் பொறித்தல், டயரில் நைட்ரஜன் என்று ஒரு வரிசை. நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்கும் ஒரு விலை! கூடுதல் தொகைக்கும் விற்பனை வரி உண்டு என்பதையும் கவனிக்கவேண்டும். நியூ ஜெர்சியின் 6.625 சதவீதத்தில், அந்த 5,000க்கு மட்டும் இன்னொரு 331 டாலர். "நீங்கள் எடுக்காவிட்டால் சாயங்காலத்துக்குள் வேறொருவர் எடுத்துக்கொள்வார்" என்றார் அந்த இளைஞர். அது பொய்யும் இல்லை. பார்க்கிங்கிலேயே ஒருவர் அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

கிராக்கி இருக்கும் பொருளுக்கு வியாபாரி விலை ஏற்றுவதில் எனக்குப் பெரிய ஆத்திரம் இல்லை. அந்த விலையை எப்போது சொல்கிறார் என்பதில்தான் என் சண்டை. முன்பணம் வாங்கும் நாளிலேயே "ஸ்டிக்கருக்கு மேல் 5,000 ஆகும்" என்று சொல்லியிருந்தால் நாங்கள் அன்றே வேறு இடம் பார்த்திருப்போம். பழைய வண்டியை விற்க ஆள் பார்த்து, கடன் ஒப்புதல் வாங்கி, லீவு போட்டுவிட்டு வந்து நிற்பவரிடம் சொன்னால் பாதிப் பேர் பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்துவிடுவார்கள். அது டீலருக்கும் தெரியும்.

அதனால் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லவேண்டியது இது. முன்பதிவு என்பது வரிசையில் ஓர் இடத்தைத்தான் தருகிறது, விலையைத் தருவதில்லை. கம்பெனியின் இணையதளத்தில் கட்டும் தொகையும் பெரும்பாலும் அப்படியே. எனவே பணம் கட்டுவதற்கு முன், வரி, பதிவு, டாக் ஃபீ (ஆவண வேலைக்கு டீலர் வாங்கும் கட்டணம்) எல்லாம் சேர்த்து வண்டி வாசலைத் தாண்டும்போது மொத்தம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். 'அவுட் த டோர்' விலை என்றால் எல்லா டீலருக்கும் புரியும். ஸ்டிக்கருக்கு மேல் எதுவும் கிடையாது என்பதையும், முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதி, சேல்ஸ் மேனேஜர் கையெழுத்திட்ட ஆர்டர் படிவம் வேண்டும். சேல்ஸ்மேன் வாய்வார்த்தையாகச் சொல்வதை அவருடைய மேனேஜரே மதிப்பதில்லை. டாக் ஃபீ மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவில் 85 டாலர் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள், பல மாநிலங்களில் வரம்பே கிடையாது. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டுங்கள், தகராறு வந்தால் பிடி இருக்கும்.

எழுதித் தர மறுத்தால் அதுவே பதில். வேறு டீலர்களுக்கு எழுதுங்கள், பக்கத்து மாநிலத்துக்கும் சேர்த்து. நாங்கள் அப்படித்தான் பென்சில்வேனியாவில் ஒரு டீலரிடம் ஸ்டிக்கர் விலைக்கே வாங்கினோம். வரி நியூ ஜெர்சிக்குத்தான் போனது, அதில் குழப்பம் இல்லை. நீலம் கேட்ட என் கணவருக்குச் சாம்பல் நிறம் கிடைத்ததில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இன்னொன்று. விலையைக் குறைத்துக்கொண்டு வட்டியில் பிடித்துவிடுவார்கள். டீலர் மூலம் கடன் வாங்கினால், வங்கி கொடுக்கும் விகிதத்துக்கு மேல் அவர் தன் பங்கைச் சேர்ப்பது இங்கே சர்வசாதாரணம். ஒரு கிரெடிட் யூனியனில் (கூட்டுறவு வங்கி மாதிரி) முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிப் போனால் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். கையெழுத்துப் போட்ட பிறகு மூன்று நாளில் திருப்பிக் கொடுக்கலாம் என்று நம்மவர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நாள் அவகாசம் தரும் ஒரு கூட்டாட்சி விதி உண்டுதான், ஆனால் அது டீலர் கடையில் வாங்கும் காருக்குப் பொருந்தாது.

தெரிந்தே கூடுதலாகக் கொடுப்பவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவசரம் அவரவருக்கு. ஆனால் ஒரு விபத்தில் வண்டி முழுவதும் போய்விட்டால், காப்பீட்டுக் கம்பெனி பொதுவாக அன்றைய சந்தை மதிப்பைத்தான் தரும். நாம் டீலருக்கு அழுத கூடுதல் தொகை அந்தக் கணக்கில் வராது, கடனில் மட்டும் அப்படியே நிற்கும்.

கம்பெனிக்குப் புகார் அனுப்பவேண்டாம் என்று சொல்லவில்லை. அடுத்த ஒதுக்கீட்டின்போது அவர்கள் அதைப் பார்க்கக்கூடும். ஆனால் உங்கள் முன்னால் நிற்கும் வண்டியின் விலை அதனால் குறையாது. அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இங்கே படிக்க வரும் பிள்ளைகளும் புதிதாக வேலைக்கு வருபவர்களும் உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டுத்தான் முதல் காரை வாங்கப் போகிறார்கள்.

தங்கள் நீண்டநாள் வாசகி,
நியூ ஜெர்சி