இங்கிலாந்தின் டார்பியிலிருந்து அப்பாவுக்கு

டார்பி,
மே 26

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலம்தானே? முழங்காலுக்குத் தந்த தைலத்தைத் தேய்ப்பதே இல்லை என்று தம்பி சொன்னான். தயவுசெய்து தேய்த்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது கடைசியில் தெரியும்.

போனில் பேசினால் சாப்பிட்டாயா, குளிரா, லீவு எப்போது என்பதோடு முடிந்துவிடுகிறது. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன். மத்தியானம் சைக்கிள் கடையில் ஆள் வராத நேரத்தில் படியுங்கள்.

போன வாரம் மூன்று நாள் லீவு கிடைத்தது. தனியாகச் சைக்கிளிலேயே டார்பிஷயர் மலைப்பக்கம் சுற்றிவிட்டு வந்தேன். பயப்பட வேண்டாம். பத்திரமாகத்தான் போய் வந்தேன்.

முதலில் வண்டியைப் பற்றிச் சொன்னால்தான் உங்களுக்கு மற்றது ஏறும். பழைய வண்டிதான், கைமாற்றாக வாங்கினேன். நம் கடை வண்டியில் முன்னால் வட்டில் 44 பல், பின்னால் ஃப்ரீவீலில் 18 பல். ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றும். இதில் முன்னால் இருக்கும் சின்ன வட்டுக்கு 26 பல், பின்னால் பெரிய வட்டுக்கு 34 பல். ஒரு மிதிக்கு முக்கால் சுற்றுதான். நடக்கிற வேகத்தில்தான் போகும், ஆனால் தொப்பூர் கணவாய் மாதிரி மேட்டிலும் இறங்காமல் மிதிக்கலாம். கேரியரின் இரண்டு பக்கமும் பால்காரர் கேன் தொங்கவிடுவது போல இரண்டு பை. ஒன்றில் துணி. இன்னொன்றில் பம்ப், ட்யூப், ஸ்பேனர், எலுமிச்சைச் சோறு, அம்மா அனுப்பிய வேர்க்கடலை உருண்டை.

இங்கே சைக்கிள்காரர்களுக்கென்று நாடு முழுவதும் நம்பர் போட்ட பாதைகள் இருக்கின்றன. நீலப் பலகையில் சிவப்புக் கட்டம், அதற்குள் நம்பர். எங்கள் டார்பியிலிருந்து 68-ஆம் நம்பர் புறப்பட்டு மலை மேலேயே வடக்கே ஸ்காட்லாந்து எல்லைப் பக்கம் வரை போகிறது. நான் போனது அதன் ஆரம்பத்தில் ஒரு துண்டு. ஆஷ்போர்ன் என்ற ஊருக்குப் போனதும் ரோடு போய், மண்பாதை வந்துவிடுகிறது. கார், லாரி எதுவும் வராது. அது ஒரு காலத்தில் ரயில் பாதை, அப்பா. ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு, அந்த மேட்டை அப்படியே சமன் செய்து நடக்கிறவர்களுக்கும் சைக்கிளுக்கும் 1971-இல் விட்டுவிட்டார்கள். 21 கிலோமீட்டர். ரயில் செங்குத்தாக ஏறாது இல்லையா, அதனால் மலைக்குள் போனாலும் ஏற்றம் மெல்ல மெல்லத்தான் வரும். நமக்கும் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குச் சின்ன ரயில் ஓடியது என்று தாத்தா சொல்வாரே, அதன் பாதை இப்போது எங்கெங்கே தெரிகிறது என்று விசாரித்து வையுங்கள்.

பாதை தொடங்கும் இடத்தில் என்ன இருந்தது தெரியுமா? வாடகை சைக்கிள் கடை! வரிசையாக நிறுத்திய வண்டி, குழந்தைகளுக்குக் குட்டி சைக்கிள், மணிக்கு இவ்வளவு என்று பலகை. பத்து நிமிடம் அங்கேயே நின்றுவிட்டேன். காவேரிப்பட்டணத்தில் சனிக்கிழமை காலையில் பையன்கள் நம் கடை வாசலில் சண்டை போடுவதும், நீங்கள் நோட்டில் நேரம் எழுதுவதும் கண்ணுக்குள் வந்துவிட்டது.

டிஸ்ஸிங்டன் என்று ஒரு கிராமம் அந்த வழியில். மே மாதத்தில் ஒரு வாரம் ஊரிலுள்ள கிணறுகளை எல்லாம் பூவால் அலங்கரிக்கிறார்கள். பெரிய பலகையில் ஈரக் களிமண்ணைப் பூசி, அதில் பூவிதழ், விதை, பாசி என்று ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்து கிணற்றுக்கு மேல் நிறுத்துகிறார்கள். தண்ணீருக்கு நன்றி சொல்வது. ஆடிப்பெருக்குக்கு அம்மா தென்பெண்ணையில் காதோலை கருகமணி விடுவதை நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் இதை மட்டும் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

இரவு ஹார்டிங்டன் ஊரில் ஒரு பழைய கல்மாளிகையை விடுதியாக்கியிருந்தார்கள், அங்கே தங்கினேன். மே மாதத்தில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும். வயல்களைச் சுற்றி எங்கே பார்த்தாலும் கல்சுவர். சிமெண்டும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, கல்மேல் கல் அடுக்கியதுதான். அதற்குள் ஆடுகள். வேப்பனப்பள்ளிப் பக்கம் போனால் கொல்லையைச் சுற்றிக் கல் அடுக்கியிருப்பார்களே, அதே வேலை.

மறுநாள் காலையில் பார்த்ததைத்தான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆர்பர் லோ என்று ஒரு இடம். ஒரு பண்ணை வீட்டு வழியாகப் போக வேண்டும். கட்டணம் ஒரு பவுண்டு. அதையும் யாரும் நின்று வாங்குவதில்லை, டப்பாவில் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். வட்டமாக ஒரு மண்மேடு, உள்ளே பள்ளம், நடுவில் ஐம்பது சுண்ணாம்புப் பாறைப் பலகைகள் வரை வட்டமாகப் படுத்துக் கிடக்கின்றன. நாலாயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. நான் போனபோது ஆடுகளையும் காற்றையும் தவிர யாரும் இல்லை.

எனக்கு மல்லச்சந்திரம் ஞாபகம் வந்தது. ஆறாம் வகுப்பு முழு ஆண்டு லீவில் நம் அத்தை வீட்டுக்குப் போனபோது என்னை முன்கம்பியில் உட்காரவைத்து அழைத்துப் போனீர்களே. பாறை மேல் கல்பலகை நிறுத்தி, மேலே மூடி, முன்னால் வட்டமாக ஓட்டை போட்ட வீடு வீடாக இருக்கும். குள்ளர்கள் கட்டினது என்றீர்கள். ஓட்டையில் தலையை விட்டுப் பார்த்தேன், நீங்கள் பின்னாலிருந்து இழுத்தீர்கள். அவை செத்தவர்களுக்காகக் கட்டிய கல்திட்டைகள் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நம் மயிலாடும்பாறையில் தோண்டி எடுத்ததில் இரும்புக் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022-இல் அறிவித்தார்களே, அந்த ஆட்களும் இந்த ஆர்பர் லோ ஆட்களும் ஒருவரையொருவர் அறியாமல் கல்லோடு வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஈரப் புல்லில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டேன். அழுகையும் வந்தது, அப்பா. வீட்டு ஞாபகம்தான், வேறொன்றும் இல்லை.

அன்று மத்தியானம் இன்னொரு பழைய ரயில் பாதை, மான்சல் என்று பெயர். 1863-இல் போட்டது, 1968-இல் நிறுத்தியது. பெரிய பெரிய சுரங்கங்கள் வழியாகப் போகும். ரொம்ப வருடம் அவற்றை மூடியே வைத்திருந்து, 2011-இல் விளக்குப் போட்டுத் திறந்துவிட்டார்கள். ஒரு சுரங்கம் நானூறு மீட்டருக்கும் மேல். உள்ளே ஜில்லென்று இருக்கும், கூரையிலிருந்து சொட்டும். அதைத் தாண்டி வெளியே வந்ததும் ஆற்றுக்கு மேலே உயரமான கல்பாலத்தில் நிற்போம்.

அங்கே ஒரு பாட்டியம்மாவுக்குப் பின் டயர் பங்க்சர். கையில் ஒட்டும் சாமான் வைத்திருந்தார், ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அவருடைய சாப்பாட்டு டப்பாவில் பாட்டில் தண்ணீரை ஊற்றி, ட்யூபை முக்கி, குமிழி வந்த இடத்தைக் காட்டினேன். உப்புத்தாளில் தேய்த்து, பசை காய்ந்த பிறகு ஒட்டி, டயருக்குள் விரலை விட்டுத் தடவி முள்ளையும் எடுத்துவிட்டேன். முள்ளை எடுக்காமல் மாட்டினால் முதுகில் ஒன்று வைப்பீர்களே! எங்கே கற்றாய் என்று கேட்டார். என் அப்பா கடையில் என்றேன்.

சாயங்காலம் ஈம் கிராமம். இதை நர்ஸாகச் சொல்கிறேன். 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணிமூட்டையோடு கொள்ளைநோய் அந்த ஊருக்கு வந்திருக்கிறது. அடுத்த வருடம் ஊர்க்காரர்கள், பாதிரியார் சொன்னதைக் கேட்டு, நோய் பக்கத்து ஊர்களுக்குப் போகக்கூடாது என்று தங்களுக்குத் தாங்களே எல்லை போட்டுக்கொண்டார்கள். வெளியூர்க்காரர்கள் எல்லைக்கல்லில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போவார்கள். கல்லில் குழி இருக்கிறது. அதில் ஈம் ஊர்க்காரர்கள் வினிகர் ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம், நோய் ஒட்டாமல் இருக்க. 260 பேர் செத்தார்கள். ஒரு தாய் எட்டு நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்திருக்கிறாள். அந்தக் கல்லறைகள் வயல் நடுவில் தனியாக இருக்கின்றன.

அந்தக் குழியில் விரலை வைத்தேன். கொரோனா நேரத்தில் நான் வார்டை விட்டு வீட்டுக்கு வராமல் இருந்தபோது, நீங்கள் தூக்குச்சட்டியைக் கேட்டில் மாட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் எடுக்கும் வரை நின்றீர்களே. ஒரு நாள் மழையில்கூட நின்றீர்கள். அதைப் பற்றி நாம் பேசிக்கொண்டதே இல்லை. இப்போது சொல்கிறேன், நான் மறக்கவில்லை.

மூன்றாம் நாள் திரும்பும் வழி இன்னும் பழைய ரயில் பாதை, 1831-இல் திறந்தது. மலைச்சரிவு அதிகம் என்பதால் சில இடங்களில் எஞ்சின் இழுக்காது. மேலே ஒரு நீராவி இயந்திரத்தை நிலையாக வைத்து, பெட்டிகளைச் சங்கிலியால் கட்டி மேலே இழுத்திருக்கிறார்கள். கிணற்றடியில் கவலை கட்டி மாடு தண்ணீர் இழுப்பதை அங்கே இயந்திரம் செய்தது. மிடில்டன் டாப்பில் 1829-இல் செய்த அந்த இயந்திரம் இன்னும் இருக்கிறது. அந்தச் சரிவில் மட்டும் நான் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் இறங்கினேன். கீழே குரோம்ஃபோர்டு, 1771-இல் ஆர்க்ரைட் என்ற ஆலை முதலாளி தண்ணீரால் ஓடும் பஞ்சு நூற்பாலை கட்டிய ஊர். யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளை வைத்து வேலை வாங்கியதும் இங்கேதான், நம் ஊர் ராட்டைகளை நிறுத்திய மில் நூலுக்கு ஆரம்பமும் இங்கேதான். கட்டடம் அழகாக இருந்தாலும் எனக்கு அதிக நேரம் நிற்கப் பிடிக்கவில்லை. சைக்கிளோடு ரயிலேறி டார்பி வந்துவிட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது வருடமாக ஊருக்கே சைக்கிள் விட்டீர்கள். நீங்கள் ஒரு நாளாவது சுற்றிப் பார்க்கவென்று வண்டியை எடுத்தது அந்த மல்லச்சந்திரம் தவிர எனக்கு ஞாபகம் இல்லை. தை மாதம் மூன்று வாரம் லீவில் வருகிறேன். நாம் இருவரும் போகலாம். முதல் நாள் பெண்ணேஸ்வரமடம் கோயில் பார்த்துவிட்டு கே.ஆர்.பி. அணை. மறுநாள் கிருஷ்ணகிரி மியூசியத்தில் நடுகற்கள், வெயில் தாழ்ந்ததும் கோட்டை மலை. அப்புறம் ஒரு நாள் இராயக்கோட்டை. 1791-இல் திப்புவின் ஆட்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் பிடித்த கோட்டை, நீங்கள் பஸ்ஸிலிருந்து காட்டியதோடு சரி. கடைசியாக மல்லச்சந்திரம். ஹைவேயில் போக வேண்டாம், உள்ளே இருக்கும் கிராம ரோடாகப் பார்த்துத் தம்பியிடம் சொல்லுங்கள், அவன் போனில் குறித்து வைக்கட்டும்.

உங்கள் வண்டிக்கு 18 பல் வேண்டாம். 22 பல் ஃப்ரீவீல் கிடைத்தால் மாட்டிவிடுங்கள், முழங்காலுக்குப் பாரம் குறையும். பின் பிரேக் கட்டைகளையும் மாற்றுங்கள். கிடைக்காவிட்டால் எழுதுங்கள், நான் இங்கிருந்து வாங்கி வருகிறேன். அம்மாவுக்கு முட்டிக்குப் போடும் உறை இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்று உங்களுக்கு.

தைலத்தை இன்றைக்கே எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்