பொருள்: 14.2 கிலோ சிலிண்டரில் 700 கிராம் எரிவாயு குறைவு

பெறுநர்: விநியோக மேலாளர், சமையல் எரிவாயு ஏஜென்சி

ஐயா,

எங்கள் குடியிருப்புக்கு நேற்று வந்த வீட்டு உபயோக சிலிண்டர் ஒன்றின் எடை 29.6 கிலோ. "29.5க்கு மேல இருக்கு, சரியாத்தான் இருக்கு" என்று சொல்லி உங்கள் ஊழியர் வைத்துவிட்டுப் போனார். அந்த சிலிண்டரின் மேல்பட்டையில் காலி எடை 16.1 என்று அடித்திருக்கிறது. அதோடு 14.2 சேர்த்தால் 30.3 கிலோ வர வேண்டும். ஆக, உள்ளே இருப்பது 13.5 கிலோதான். அனுமதிக்கப்பட்ட ஏற்ற இறக்கம் 150 கிராம். இங்கே குறைவது 700 கிராம். கொடுத்த பணத்தில் இருபதில் ஒரு பங்கு போய்விட்டது.

29.5 என்பது காலி எடை 15.3 ஆக உள்ள சிலிண்டருக்கு மட்டுமே பொருந்தும். இரும்பின் எடை சிலிண்டருக்கு சிலிண்டர் மாறும். அதனால்தான் ஒவ்வொன்றிலும் தனியாக அடிக்கிறார்கள்.

தொலைபேசியில் உங்கள் அலுவலகம் சொன்ன இரண்டு காரணங்களையும் ஏற்க முடியாது. குளிரில் எரிவாயு சுருங்கும் என்றார்கள். சுருங்குவது திரவத்தின் கன அளவு. எடை ஒரு கிராம்கூடக் குறையாது. லிட்டரில் விற்கும் பெட்ரோல், டீசலுக்குத்தான் வெப்பநிலைக் கணக்கு வரும். கிலோவில் விற்கும் சரக்குக்கு அந்தப் பேச்சே இல்லை. அடுத்து, பிரஷர் நன்றாக இருப்பதால் சிலிண்டர் நிறைந்திருக்கிறது என்றார்கள். உள்ளே கொஞ்சம் திரவம் மீதி இருக்கும் வரை ஆவி அழுத்தம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் நிற்கும். அது வெப்பநிலையையும், புரொப்பேன், பியூட்டேன் கலவையையும் பொறுத்தது. பாதி தீர்ந்த சிலிண்டரும் முதல் நாள் போலவே எரிவது இதனால்தான். அளவைச் சொல்லக்கூடியது தராசு மட்டுமே.

குறைவுக்குக் காரணம் நிரப்பும் இடத்தில் காலி எடையைத் தவறாகப் பதிந்ததாக இருக்கலாம், வால்வுக் கசிவாக இருக்கலாம், வழியில் திருடியிருக்கலாம். இதில் கசிவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; வெளியேறினால் தரையோடு தங்கும். சிலிண்டரைக் காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்திருக்கிறோம், சீலைத் தொடவில்லை.

முத்திரையிட்ட தராசோடு ஆள் அனுப்புங்கள். தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்து, சமதளத்தில் வைத்து எங்கள் முன்னால் எடை போட வேண்டும். பிறகு சீலைப் பிரித்து வால்வில் தண்ணீர் ஊற்றிக் குமிழ் வருகிறதா என்று சோதித்து, மாற்று சிலிண்டர் தர வேண்டும். அதே லோடில் வந்த மற்றவற்றையும் எடை பாருங்கள். காலி எடை அழிந்துபோனவற்றை வீடுகளுக்கு அனுப்பாதீர்கள். மூன்று நாட்களுக்குள் யாரும் வராவிட்டால் எடையளவு ஆய்வாளரிடம் எழுத்துமூலம் புகார் தருவோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்