ஜாலியன்வாலா பாக் காட்சியும் த்ரீ நாட் த்ரீ துப்பாக்கியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சரித்திரப் படங்களின் கலை இயக்கம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை உடை, நகை, கோட்டை என்று எல்லாவற்றையும் பேசிவிட்டுத் துப்பாக்கியைத் தொடாமல் விட்டுவிட்டது. சுதந்திரப் போராட்டத்தைக் காட்டும் படங்களிலும் தொடர்களிலும் அதிகம் பிழையாவது அதுதான்.

பிரிட்டிஷ் இந்தியப் படையின் கையில் இருந்த லீ என்ஃபீல்டு, நம் ஊரில் எல்லோரும் த்ரீ நாட் த்ரீ என்று சொல்லும் துப்பாக்கி, தானாகச் சுடுவதல்ல. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டின், அதாவது குழலின் பின்வாயை அடைக்கும் இரும்புத் தண்டின், குமிழை மேலே தூக்கிப் பின்னால் இழுக்க வேண்டும். காலி உறை தெறித்து விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். குமிழைக் கீழே மடக்கிய பிறகுதான் விசையை அழுத்த முடியும். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு இது கை மறக்காத பழக்கம். திரையிலோ சிப்பாய்கள் போல்ட்டைத் தொடாமலே சரமாரியாகச் சுடுகிறார்கள்.

இது நுணுக்கம் பார்ப்பவனின் புகார் அல்ல. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் டயரின் உத்தரவுப்படி சுட்டவர்கள் ஐம்பது சிப்பாய்கள். சுமார் பத்து நிமிடத்தில் 1,650 குண்டுகள். சராசரியாக ஆளுக்கு 33. துப்பாக்கியின் தோட்டாப் பெட்டியான மேகசினில் கொள்வது பத்துத் தோட்டாக்கள். ஐந்தைந்தாகக் கிளிப்பில் வைத்து மேலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். அப்படியானால் ஒவ்வொருவனும் முப்பது தடவைக்கு மேல் போல்ட்டை இழுத்திருக்கிறான்; நடுவில் பலமுறை நிறுத்தி, இடுப்புப் பையிலிருந்து கிளிப்பை எடுத்து நிரப்பியிருக்கிறான். எதிரே ஓட வழியில்லாத கூட்டம். நிறுத்துவதற்கு இத்தனை இடைவெளி இருந்தும் நிறுத்தவில்லை என்பதுதான் அந்தப் படுகொலையின் கொடூரம். இயந்திரத் துப்பாக்கி போல இடைவிடாமல் சுடுவதாகக் காட்டினால், நடந்ததை ஒரு கணத்து வெறியாக மாற்றிவிடுகிறோம். நான் இதை வரலாற்றுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

காலக் குழப்பமும் உண்டு. 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாவால் பேசப்பட்டது, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் வேறொரு என்ஃபீல்டு. லீ என்ஃபீல்டு வந்ததே 1895இல். வெளிநாட்டுப் படங்களும் இதில் சளைத்தவை அல்ல: 1879 போரைச் சொல்லும் ‘ஜூலு’ (1964) படத்தில், அக்காலத்து ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியான மார்ட்டினி ஹென்றி இருக்க வேண்டிய சில கைகளில் லீ என்ஃபீல்டு தெரிகிறது.

கிடைக்கவில்லை என்ற சாக்கும் செல்லாது. கொல்கத்தாவுக்கு அருகே இஷாப்பூர் தொழிற்சாலையில் இந்தத் துப்பாக்கியை நாமே ஏராளமாகச் செய்திருக்கிறோம். சுதந்திரத்துக்குப் பிறகும் பல மாநிலங்களில் போலீஸ்காரர்களின் தோளில் அது பல பத்தாண்டுகள் தொங்கியது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுட்டுப் பழகிய ஓய்வுபெற்ற காவலர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். துணை நடிகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் அன்று அவர்களில் ஒருவரை இயக்குநர்கள் அழைத்துக்கொள்ளட்டும். ‘சுடு’ என்ற சொல்லுக்கு முன்பே கை எங்கே இருக்க வேண்டும் என்பதை அவர் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
வாசகர், திருநெல்வேலி